பெட்டிக்குள் தெளித்த தீர்த்தம்

கேழ்வரகு மாவைக் கட்டி விழாமல் கரைத்துக்கொண்டிருந்தாள் பூவரசி. முழங்கை வரைக்கும் மாவு. எதிரே, மரத்தூளை இறுக்கிச் செய்த பெல்லட் குச்சிகளில் எரியும் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. நாலு தடவை பற்றவைத்தும் புகைதான் வந்தது.

கோத்தகிரி மலையில் உள்ள அந்த மடத்தில், தேயிலை பறிக்கப் போகிற நாற்பது பெண்களுக்குத் தினமும் காலையில் கஞ்சி ஊற்றுவார்கள். கோடை முழுக்க மடத்துத் தலைவரான ஐயாவும் சீடர்களும் யாத்திரை போயிருந்ததால் சமையல்கட்டு பூட்டிக் கிடந்தது. இன்றைக்குத்தான் திறந்தார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் மழையில் நின்றார்கள்.

மூத்த சீடர் சடையப்பன் உள்ளே வந்தார். மடத்து நிர்வாகம் அவர் கையில்.

"என்னம்மா, இன்னுமா பிடிக்கலை?"

"இல்லீங்க."

"போன வருஷம் ஜம்முனு எரிஞ்ச அடுப்பு. நீ வந்து பாழாக்கிட்டே. தூளியில புள்ளையைப் போட்டுட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தா அடுப்பு எங்கே பிடிக்கும்? நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

பூவரசிக்குக் காது சுட்டது. மடத்துச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனாலும் குனிந்து மாவையே கரைத்தாள். அவள் சுபாவம் அப்படி.

வாசலில் கஞ்சிக்கு நின்ற மாதியக்கா சத்தம் போட்டாள். "நல்லா இருக்கே நியாயம்! அடுப்பு எரியலேன்னா அவ வீட்டு அடுப்பையா அணைப்பீங்க?"

சத்தம் கேட்டு ஐயா வந்தார்.

"சடையப்பா, அடுப்பைத் திறந்து பார்த்தாயா?"

"எதற்கு ஐயா? இவள் கைப்பக்குவம்தான் தெரிந்ததாயிற்றே."

"திற."

சடையப்பன் அடுப்பின் பெல்லட் பெட்டி மூடியைத் தூக்கிக் கையை விட்டார். குச்சி குச்சியாக இருக்க வேண்டிய பெல்லட், ஊறி உப்பிப் புட்டு மாவு மாதிரி கையோடு வந்தது. கீழே காற்றுத் துளைகளில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அதன் மேல் குங்குமம்.

"யார் வைத்த பொட்டு?" என்றார் ஐயா.

"நான்தான். யாத்திரை கிளம்பும்போது பெட்டியை வெறுமையாக விடக்கூடாது என்று நிறைய நிரப்பினேன். பொட்டு வைத்தேன். காசித் தீர்த்தம் தெளித்தேன்."

"எவ்வளவு?"

"ஒரு செம்பு."

"அடுப்புக்குக் காசி தெரியாது. வழித்துப் போடு."

வெள்ளை வேட்டியோடு சடையப்பன் மண்டி போட்டார். கரண்டியால் வழித்தார். துளை துளையாக ஊசியால் குத்தினார். பழைய சாம்பலும் ஒரு முறம் வந்தது. பிரிக்காத மூட்டையிலிருந்து காய்ந்த பெல்லட்டைப் போட்டுப் பூவரசி பற்றவைத்தாள். அடுப்பின் விசிறி சுற்றியது. முதல் தடவையிலேயே தீ எழும்பியது.

அப்போதும் சடையப்பன் இறங்கி வரவில்லை.

"பக்தியில் செய்தது ஐயா. அதிலும் குற்றமா?"

"நான் எங்கே குற்றம் சொன்னேன்? காலையிலிருந்து நீதானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்."

"சரி, அப்படியே இருக்கட்டும். அன்றைக்கு இவளும் பக்கத்தில்தானே நின்றாள்? தெரிந்தவள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஐயா பூவரசி பக்கம் திரும்பினார்.

"கேட்கிறார் பாரம்மா. சொல்லு."

பூவரசி தரையைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து மாவு சொட்டியது. பிறகு நேராகச் சடையப்பன் முகத்தையே பார்த்தாள்.

"சொன்னேங்க. மரத்தூளு, ஊறிடும், தண்ணி ஊத்தாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். அதுக்கு நீங்க எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்து, ஏண்டி, உன்னை மாதிரி..."

"பூவரசி!" மாதியக்கா கூப்பிட்டாள். "புள்ளை தூளியில எந்திரிச்சு நிக்கிறான், ஓடியா!"

பூவரசி பிள்ளை பக்கமும் சடையப்பன் பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ போம்மா," என்றார் ஐயா. "மீதியைச் சடையப்பன் சொல்லட்டும்."