கமாவுக்கு அடுத்த பெயர்

டேட்டாபேஸ் வேலை கற்றுக்கொள்ள செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்தபோது அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. செண்பகவல்லிக்கு முப்பத்தாறு. "மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு இரத்த வங்கியின் தகவல்களைப் புதிய கணினிக்கு மாற்ற வேண்டும். பழைய கணினியில் தகவல் கேட்டு எழுதிய குவெரிகள் நாலாயிரம் இருந்தன. தகவல் அடுக்கியிருந்த டேபிள்களில், அந்தக் குவெரிகளில் பெயர் வருபவை மட்டும் புதியதற்குப் போகும். மற்றவற்றை வெள்ளிக்கிழமை அழித்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியல் அருளப்பன் பொறுப்பு.

குவெரியில் ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்கு அடுத்து டேபிளின் பெயர் வரும். அந்தச் சொல்லை எடுக்க அருளப்பன் ஒரு புரோகிராம் எழுதினார். பட்டியலில் ‘வேலூர்’ என்றொரு டேபிள் வந்தது. அப்படி ஒன்று கிடையாது. யாரோ ஓரக்குறிப்பில் ‘ஃப்ரம் வேலூர்’ என்று எழுதியிருந்தார்கள். அதைத் தடுக்க ஒரு விதி சேர்த்தார். மறுநாள் வேறொரு தப்பு, வேறொரு விதி. மூன்று வாரத்தில் நாற்பது விதிகள் ஆகிவிட்டன.

வியாழன் மதியம் சாப்பிடாமலே செண்பகவல்லியின் மேசைக்கு வந்தார்.

"இன்னும் எத்தனை விதி எழுதணும் மேடம்? என்னால முடியல."

செண்பகவல்லி அச்செடுத்த ஒரு குவெரியை நீட்டினார்.

"வாய்விட்டுப் படிங்க."

"ஃப்ரம் டோனர்... இது பட்டியல்ல இருக்கு மேடம்."

"முழுசாப் படிங்க சார்."

சலிப்போடு படித்தார். டோனருக்குப் பிறகு ஒரு கமா. கமாவுக்கு அடுத்து இன்னொரு டேபிளின் பெயர், ‘பாம்பே டோனர்’. பட்டியலை எடுத்துத் தேடினார்.

மிக அரிதான பம்பாய் வகை இரத்தம் உள்ள கொடையாளர்களின் பெயரும் போன் நம்பரும் அந்த டேபிளில்தான் இருந்தன. மாவட்டம் முழுவதற்கும் பதினோரு பேர். பட்டியலில் அது இல்லை.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு அழிஞ்சிருக்குமே."

"காலையிலதான் கண்ணுல பட்டுது. அழிக்கிறதைத் தள்ளிப்போடச் சொல்லிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"கமாவுக்கு ஒரு விதி சேர்த்துடறேன் மேடம்."

செண்பகவல்லி கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"இந்த மூணு வாரத்துல எத்தனை குவெரியைக் கடைசிவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

அருளப்பன் தாளைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான்." தாளை மேசையில் வைத்துவிட்டு, "நாலாயிரத்தையும் நான் எப்படி மேடம் படிக்கிறது?" என்றார்.

"நீங்க படிக்க வேண்டாம் சார். உங்க புரோகிராமுக்கு இப்ப ஒரு சொல்லைத் தேட மட்டும்தான் தெரியுது. குவெரியோட இலக்கணத்தைச் சொல்லி, முழுசாப் படிக்கக் கத்துக்கொடுங்க."