மண்புழு கழற்றி வைத்த கால்கள்

அந்தக் காலத்தில் மண்புழு நடந்துதான் போகும். அதற்கு நாற்பது கால்கள். செடிகளுக்கும் வாய் இருந்தது. மனிதர்களோடு சரிக்குச் சரி வழக்காடும்.

வெள்ளைத்தாயின் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷத்து மல்லிகைச் செடி ஒன்று நின்றது. பூப்பறிக்க வந்தவர்கள் மிதித்து மிதித்து அதன் தூரில் மண் இறுகிவிட்டது. மேலே போட்ட சாணி உள்ளே இறங்காமல் வறட்டியாகக் காய்ந்தது. மொட்டு மிளகளவுக்குச் சிறுத்தது.

சாணியை மண்ணோடு கலக்க வெள்ளைத்தாய் மண்வெட்டியால் கொத்தினாள்.

"ஐயோ, வேரை வெட்டுறியே!" என்று செடி அலறியது.

"மேல போட்டா எட்டலங்கிற. கொத்துனா வலிக்குதுங்கிற. நான் என்னதான் செய்ய?" என்றாள் அவள்.

அவள் புருஷன் சடையாண்டிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "பங்குனி வரைக்கும் பாரு. பூக்கலேன்னா பிடுங்கிட்டுக் கனகாம்பரம் வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

செடி பயந்துபோனது. அதன் நிழலில் குடியிருந்த மண்புழுவுக்கும் பயம். செடி போனால் நிழலும் போகும். வெயிலில் அது ஒரு நாள் தாங்காது.

"சாணியை நான் உள்ள கொண்டுவாரேன்" என்று மண்புழு துளை போட்டு இறங்கியது. நாற்பது கால்களும் சல்லிவேர்களில் சிக்கி அவற்றை அறுத்தன.

"உள்ள வா, வேண்டாங்கல. காலை வெளிய விட்டுட்டு வா" என்றது செடி.

மண்புழு யோசித்தது. அதற்கு அழகென்று இருந்ததே அந்தக் கால்கள்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றுவதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றித் தூரருகே வைத்துவிட்டு, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வேருக்கு வலிக்கவில்லை. மேலே கிடந்த சாணியையும் சருகையும் ஓயாமல் இழுத்து உள்ளே சேர்த்தது. மண் பொலபொலவென்று ஆனது. பங்குனியில் மொட்டு பருத்துவிட்டது. சடையாண்டி பூப்பறிக்கக் கூடையை எடுத்து வந்தான்.

மறுநாள் கோடை மழை. வேலை முடிந்ததென்று மண்புழு மேலே வந்து கால்களைத் தேடியது. காணோம்.

"என் காலை யாரு எடுத்தது?"

"நீதான். போன மாசம் சருகோட சருகா உள்ள இழுத்துட்டு வந்தியே" என்றது செடி. கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் தின்னுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு" என்றது.

மண்புழு வாய்விட்டு அழுதது.

அன்று முதல்தான் மல்லிகைக்காரர்கள் பழைய செடியின் தூரை ஆழக் கொத்துவதில்லை. சாணியையும் சருகையும் மேலே பரப்பிவிட்டு, மற்றதை மண்புழுவிடம் விட்டுவிடுகிறார்கள். மண்புழுவும் மழை பெய்ததும் மேலே வந்து ஈரத்தரையைத் தடவித் தடவித் தேடுகிறது. செடி சொன்னதை அது இன்னும் நம்பவில்லை.