ஏழாம் ஏடு

இருபது வருஷம் மண்டை உடைந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் கதை இது. பெயர் சேந்தன். வீரவழுதி மன்னரின் அரண்மனையில் மூளை ஆராய்ச்சிதான் அவர் வேலை. போரில் தலையில் அடிபட்ட வீரர்களை ஒரு கூடத்தில் படுக்கவைத்து, யாருக்குப் பேச்சு போனது, யாருக்குக் கை போனது என்று ஓலையில் எழுதிவைப்பார். இடப்பக்கம் அடிபட்டால்தான் பெரும்பாலும் பேச்சு போகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். பெரிய விஷயம்தான். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அது எப்படித் தெரியும் என்றால், அந்த அவையில் ஒரு வழக்கம். அறிஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு குடம். "இன்னார் இந்த ஏட்டில் இப்படிச் சொல்கிறார்" என்று அவையில் யாராவது மேற்கோள் காட்டினால், இன்னாரின் குடத்தில் ஒரு குன்றிமணி விழும்.

சேந்தன் குடத்தில் மூன்று மணி. இரண்டு அவரே தன்னை மேற்கோள் காட்டியது. ஒன்று அவர் மச்சான் காட்டியது.

அதே அவையின் இன்னொரு அறிஞர் அமுதவல்லபர். அவர் குடமோ வழிந்தது. அவருக்கு நாற்பது சீடர்கள். "இன்று வெயில்" என்று சொல்லக்கூட "எங்கள் ஆசான் அருளியபடி" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஒருநாள் அவர் எழுந்தார். "மன்னா, மூன்று குன்றிமணிக்கு ஒரு கூடமா? என் சீடர்கள் உட்கார்ந்து சாப்பிட இடமில்லை."

மன்னர் தலையாட்டினார். "சேந்தரே, பௌர்ணமிக்குள் நூறு மணி சேர வேண்டும். இல்லையென்றால் கூடத்தைக் காலி செய்யும்."

"பதினெட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள், மன்னா."

"அவர்களையே மேற்கோள் காட்டச் சொல்லுமேன்!" என்றார் அமுதவல்லபர்.

"அவர்களுக்குப் பேச்சு வராது, ஐயா. அதனால்தான் படுத்திருக்கிறார்கள்."

ஐந்தே நாள். மன்னரில் தொடங்கி அவையில் எல்லோர் கைக்கும் பட்டுத்துணி சுற்றிய ஒரு சுவடிக் கட்டு வந்தது. பெயர் 'மூளைக் கடல்'. மேலேட்டில் பொருளடக்கம். அதில் ஒரு வரி: 'ஏழாம் ஏடு: பேரறிஞர்களின் மூளை.'

"ஓய், ஐந்து நாளில் இத்தனை பிரதியா?" என்று ஒருவர் வியந்தார்.

"எல்லாம் உங்கள் ஆசி" என்றார் சேந்தன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. "ஏழாம் ஏட்டில் சேந்தர் நுட்பமாகச் சொன்னபடி..." டக். "ஏழாம் ஏட்டின் ஆழத்தை உணர்ந்தவர்கள்..." டக். அமுதவல்லபர் விடுவாரா? "ஏழாம் ஏட்டில் உள்ளதை நான் முன்பே சொல்லிவிட்டேன்!" அதற்கும் டக்.

நானும் பொருளடக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதிய ஆள்தான். எனக்கு முட்டை விழுந்தது. அவர்களுக்குச் சபாஷ் விழுந்தது.

பௌர்ணமியன்று எண்ணினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"சபாஷ்! அந்த ஏழாம் ஏட்டைப் படியும், கேட்போம்" என்றார் மன்னர்.

"முன்பே சொன்னவர் படிக்கட்டும், மன்னா."

அமுதவல்லபர் கம்பீரமாக எழுந்து கட்டைப் பிரித்தார். ஏழாம் ஏட்டை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். எட்டாம் ஏட்டைப் பார்த்தார். ஒன்பதைப் பார்த்தார். மேலேட்டைத் தவிர அந்தச் சுவடியில் ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் ஓலை.

"பேசுமய்யா! இடப்பக்கம் அடிபட்டுவிட்டதா?" என்று மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சேந்தன் தொண்டையைச் செருமினார். "மன்னா, இதில் ஒன்பது மணி தாங்கள் போட்டவை. நேற்று பக்கத்து நாட்டுத் தூதரிடம்கூட ஏழாம் ஏட்டைப் பற்றி..."

சிரிப்பு நின்றது. பிறகு மன்னர் முன்பைவிடச் சத்தமாகச் சிரித்தார். "அந்தத் தூதரும் 'ஆமாம், படித்தேன்' என்றாரே!"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெறும் ஓலையை நூல் என்று கொடுக்க உமக்கு வெட்கமாக இல்லையா?"

"இருக்கிறது, மன்னா. ஆனால் என் நூல்களில் பிழையே இல்லாதது இது ஒன்றுதான்."

"கூடம் உமக்கே. குடங்களை உடையுங்கள்! இனி சேந்தரின் இருபது வருஷ ஏடுகளை அவையில் எல்லோரும் முழுசாகப் படிக்க வேண்டும். நாளை காலையிலிருந்து!"

சேந்தன் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, முழுசாகவா? மன்னா, யாரும் படிக்காத வரைக்கும்தானே நான் அறிஞன்!"

மன்னர் விடவில்லை. சேந்தன் வீட்டுக்கு ஓடினார். கதவைச் சாத்திக்கொண்டு, தன் ஏடுகளை முதன்முறையாகத் தானே படிக்க உட்கார்ந்தார்.