'அடைமழை' யார்?

ஒரு ஊரில் ஒரு நூல் மில் இருந்தது. அதே மாதிரி ஒரு மில்லைப் பற்றி 'அடைமழை' என்ற புனைபெயரில் யாரோ நாவல் எழுதிவிட்டார்கள். காலேஜ் வாத்தியார் என்றார்கள், கட்சிக்காரர் என்றார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலாளி வெள்ளியங்கிரி, புத்தகத்தோடு மில் விடுதிச் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார்.

"மயங்கி விழுற பொண்ணுகளைக் குடோனுக்குப் பின்னால ரூம்ல போட்டு, கதவை நூலால கட்டுறோம்னு எழுதியிருக்கு. இது இங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். நாளைக்கு லேபர் ஆபீசர் இதை விசாரிக்க வர்றாரு. அதுக்குள்ள எழுதினது யாருன்னு சொல்லலைன்னா அத்தனை பேரும் வெளியே!"

சாப்பிட வந்திருந்த மில் பெண்கள் தட்டோடு எழுந்துவிட்டார்கள். சமையல்காரி பாப்பாத்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புடிச்சுரலாமுங்க. ஆனா நம்ம ஆளுதான் எழுதுச்சுன்னா, அந்த ரூமும் நெசம்னு ஆயிருமுங்களே? ஆபீசர் காட்டச் சொன்னா எந்தப் பக்கமுங்க கூட்டிட்டுப் போறது?"

முதலாளி புத்தகத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "எந்த ரூம்? எல்லாம் கட்டுக்கதை! ஊர் பேர் தெரியாதவன் எவனோ எழுதினது!"

"அப்படித்தானுங்க இருக்கும்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாருக்கும் வேலை போகவில்லை.

மறுநாள் ஆபீசரிடமும் முதலாளி அதையே சொன்னார். ஆபீசர் 'கற்பனை' என்று எழுதிக்கொண்டு, பாப்பாத்தி போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

நாவலில் எல்லார் பெயரையும் மாற்றியிருந்த பாப்பாத்தி, அந்த அறையில் செத்தவளின் பெயரை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தாள். செல்லக்கிளி. கூடப்பிறந்த தங்கச்சி. இனி அவளும் கற்பனைதான். அந்தப் பதிலை முதலாளிக்கு எடுத்துக் கொடுத்ததே அக்காதான்.