தார் டிரம்மில் வறுத்த காப்பி

பாறைப்பட்டித் தெருவில் யாராவது புத்தியைக் கூவி விற்றுக்கொண்டு போனால், “எங்க வீட்ல நேத்துதான் வாங்கினோம், போய்யா” என்று அனுப்பிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊர். அந்த ஊரில்தான் ஏகாம்பரத்தின் பெண்டாட்டி செங்கமலம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

காரணம் காப்பி. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏகாம்பரம் சந்தையில் வாங்கி வந்த தூளில் பாதிக்கு மேல் புளியங்கொட்டை. ஒரு வாய் குடித்தவள் டம்ளரை அப்படியே கவிழ்த்தாள். “நல்ல கொட்டையா வாங்கி, வீட்லயே வறுத்து, ஒரு வாய் காப்பி குடுக்க உங்களுக்கு எப்பத் துப்பு வருதோ, அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க” என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? பாவம், அடுப்படியில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதான். அழுது முடித்ததும் மூட்டை நிறையப் பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கினான். “வெள்ளிக்கிழமை வா, காப்பி தயார்” என்று சொல்லியும் அனுப்பிவிட்டான். வறுக்க ஒன்றுமில்லையே என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

ஊரின் இரண்டு மூளைகளைக் கூப்பிட்டான். ஒருவர் பரமானந்தம், படிப்பகத்துப் பேப்பரை முதல் ஆளாகப் பிரிப்பவர். அதனால் அவருக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது. இன்னொருவன் வெல்டிங் பட்டறை மாசானம். அவன் செய்து மாட்டிய இரும்புக் கேட்டுகளில் திருடனும் உள்ளே வரமுடியாது, வீட்டுக்காரனும் வெளியே போகமுடியாது.

“வாணலி இருக்கே, அதுல வறுத்தா என்ன?” என்றான் ஏகாம்பரம். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அது.

“வாணலியில கத்திரிக்காய் வதக்குவாங்கப்பா. காப்பிக்கு மெஷின் வேணும்” என்றார் பரமானந்தம். அத்தோடு அந்த உருப்படியான பேச்சு முடிந்தது.

டவுன் காப்பிக்கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் வியாபார அவசரத்தில், “நிறுத்தாம சுத்தணும். வறுத்தப்புறம் வாசனை வெளியே போகவிடக்கூடாது, காப்பிக்கு அதுதான் உயிர்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பரமானந்தம் அதை மந்திரம் போல மனப்பாடம் செய்துகொண்டார்.

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்று கிடைத்தது. மாசானம் அதன் வாயையும் இடுக்குகளையும் மூடி ராப்பகலாக வெல்டிங் பற்றவைத்தான். ஒரு எறும்பு நுழைய இடமில்லை. மூவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

“எல்லாம் சரி, கொட்டையை எதுவழியாப் போடுறது?” என்றான் ஏகாம்பரம்.

மாசானத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “வாசனை போகக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? இப்ப ஓட்டை கேட்டா எப்படி?”

நெடுநேரம் விவாதித்து, சின்ன ஓட்டை போட்டு, கொட்டையைக் கொட்டி, மறுபடியும் பற்றவைத்து அடைத்தார்கள். டிரம்முக்கு ஒரு கைப்பிடி வைத்து, ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் தீ மூட்டினார்கள். கைப்பிடியைச் சுற்றினால் அசையவில்லை.

“எப்படி அசையும்? ஆடக்கூடாதுன்னு ஸ்டாண்டோட சேத்துப் பத்தவச்சிருக்கேன்” என்றான் மாசானம் பெருமையாக.

ஏகாம்பரம் தலையில் கைவைத்தான். பரமானந்தம் கண்ணை மூடி யோசித்தார். “டிரம் சுத்தினா என்ன, நாம சுத்தினா என்ன? யாரோ ஒருத்தர் நிறுத்தாம சுத்தணும், அவ்வளவுதானே?”

ஆகா, என்ன மூளை! வியாழக்கிழமை ராத்திரி மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்மைச் சுற்றி ஓடினார்கள். மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் புகை. ஏகாம்பரம் மட்டும் செங்கமலத்தின் முகத்தை நினைத்துக்கொண்டு மற்றவர்கள் விழுந்த பிறகும் ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலை டிரம் ஆறியிருந்தது. எடுக்க வழியில்லை என்பது இப்போது தெரிந்து, பக்கவாட்டில் வெட்டி ஒரு கதவு வைத்தார்கள். கொட்டை அந்தக் கோடியில் கிடந்தது. கை எட்டவில்லை. பட்டினியில் ஈர்க்குச்சியாகிவிட்ட ஏகாம்பரம் சொம்போடு உள்ளே நுழைந்தான்.

பரமானந்தம் மூக்கை உறிஞ்சினார். “ஐயய்யோ, வாசனை போகுதுடா! கதவைச் சாத்து!”

மாசானம் சாத்தினான். சாத்தியதோடு நிற்கிறவனா அவன்? சுற்றிலும் போல்ட் போட்டு முறுக்கினான்.

அந்த நேரம் பார்த்துச் செங்கமலம் வந்து நின்றாள். “அவரு எங்க?”

“உள்ள இருக்காப்ல.”

“எதுக்குள்ள?”

“காப்பிக்குள்ள.”

“செங்கமலம், வந்துட்டியா!” என்று டிரம் கூவியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததையெல்லாம் பரமானந்தம் விளக்கினார். கரி வாடையும் தார் வாடையும் மூக்கைத் துளைத்தன. இருந்தாலும் தனக்காக இந்த மனுஷன் ராத்திரியெல்லாம் டிரம்மைச் சுற்றி ஓடியிருக்கிறானே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“காப்பியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நான் வந்துட்டேன்ல, வெளிய வாங்க.”

“அதெப்படி? கதவைத் திறந்தா வாசனை போயிடும்” என்றான் ஏகாம்பரம் உள்ளிருந்து. இருட்டில் உட்கார்ந்தபடி, இத்தனை நாள் ஆசை நிறைவேறிய சந்தோஷத்தில் இருந்தான் அவன். “உனக்காக வறுத்தது. ஒரு வாயாவது நீ குடிக்காம நான் வரமாட்டேன்!”

“அட கடவுளே! திறங்கய்யா கதவை!”

“திறக்காதீங்க!” என்றது டிரம்.

பரமானந்தம் தாடையைத் தடவினார். “அந்தம்மா சொல்றதும் ஞாயம், அவன் சொல்றதும் ஞாயம். புருஷன் பெண்டாட்டி சேரணும், வாசனையும் போகக்கூடாது. மாசானம், என்ன பண்ணலாம்?”

மாசானம் டேப்பை எடுத்துக்கொண்டு செங்கமலத்தின் பக்கத்தில் போய் நின்றான்.

“கொஞ்சம் குந்தி உக்காருங்கக்கா, அளவெடுத்துக்கறேன். ரெண்டு பேர் புழங்குற மாதிரி பெரிய டிரம்மா சாயங்காலத்துக்குள்ள அடிச்சுக் குடுத்துடறேன்.”