மன்னிக்காத கரடியின் மூக்கு

ஒரு காட்டில் சடையன் என்றொரு கிழக்கரடி இருந்தது. தனக்குத் தீங்கு செய்தவர்களை அது மறக்கவே மறக்காது. எந்த வருடத்து மழையில், எந்தப் பாறைக்குப் பக்கத்தில், யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லும். நன்மை செய்தவர்களையும் அது மறந்ததில்லை. ஆனால் அவர்களைச் சொல்லி முடிக்க அதிக நேரம் பிடிக்காது.

குழந்தைகளே, சடையனின் கோபம் ஒன்றும் காற்றில் முளைத்ததல்ல. மலைச்சரிவில் அதற்கு ஒரு குகை இருந்தது. குகையின் உள்சுவரில் ஒரு விரிசல். எவ்வளவு கடுமையான கோடையிலும் அந்த விரிசலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டியது வழிந்து, வாசலுக்கு வெளியே ஒரு பாறைக்குழியில் தேங்கும். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர்.

போன மழைக்காலத்தில் கொம்பையா என்ற காட்டுப்பன்றி நனைந்துகொண்டு வந்தது. பின்னால் அதன் பெண்டாட்டியும் ஏழு குட்டிகளும் நடுங்கிக்கொண்டு நின்றன. மழை விடும் வரைக்கும் ஒரு மூலை போதும் என்று கொம்பையா கெஞ்சியது. சடையன் மூலையைக் கொடுத்தது. குட்டிகளுக்குக் குளிருகிறது என்றதும் நடுவிடத்தையும் கொடுத்தது. ஒரு நாள் தேன் தேடிப் போய்விட்டுத் திரும்பினால், வாசலில் முள்செடி இழுத்துப் போட்டிருந்தது. முள்ளுக்குப் பின்னால் கொம்பையா தன் இரண்டு கொம்புப் பற்களையும் நீட்டிக்கொண்டு நின்றது.

"மழைதான் விட்டுவிட்டதே" என்றது சடையன்.

"அடுத்த மழை வராமலா போகும், அண்ணே?" என்றது கொம்பையா.

அன்று முதல் சடையன் ஒரு மூங்கில் புதரின் அடியில் படுத்தது. படுக்கும்போதெல்லாம் குகை இருக்கும் பக்கம் பார்த்து ஒரு முறை உறுமிவிட்டுத்தான் படுக்கும்.

கோடை வந்தது. ஓடைகள் எல்லாம் காய்ந்தன. கொம்பையா பிடித்துவைத்த குகைத் தண்ணீரை விட்டால், காட்டின் நடுவில் ஒரே ஒரு குட்டை மட்டும் மிச்சம். அதுவும் சுருங்கிச் சேறாகிவிட்டது. மானும் முயலும் குரங்கும் கரடியும் அந்தச் சேற்றுத் தண்ணீரில்தான் மூக்கை முக்கிக் குடித்தன.

அப்போதுதான் சடையனுக்கு மூக்கில் இரத்தம் வடிய ஆரம்பித்தது. முதலில் ஒரு துளி, இரண்டு துளி. பிறகு நாள் முழுவதும். வலது மூக்கு அடைத்துக்கொண்டது. உள்ளே என்னவோ நெளிவது போல் இருக்கும். தும்மினால் இரத்தம் தெறிக்கும். கரடிக்கு மூக்குப் போனால் எல்லாம் போயிற்று. கரையான் எங்கே இருக்கிறது என்று மோந்துதான் அது கண்டுபிடிக்க வேண்டும். சடையன் காய்ந்த புற்றுகளாகத் தோண்டித் தோண்டி ஏமாந்தது. பத்து நாளில் விலா எலும்பு தெரிந்தது. இன்னும் பத்து நாள் இப்படியே போனால் தன்னால் எழுந்து நடக்க முடியாது என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் அது நாவல் மரத்தடிக்குப் போனது.

அந்த மரத்தில் கண்ணுச்சாமி என்ற தேவாங்கு இருந்தது. கை கால் ஈர்க்குச்சி போல இருக்கும். கண் மட்டும் இரண்டு பெரிய நெல்லிக்காய். அது யாரையாவது இமைக்காமல் பார்த்தால், பார்க்கப்பட்டவருக்குத் தன் மனதில் உள்ளதெல்லாம் வெளியே தெரிந்துவிட்டது போல் இருக்கும். அந்தப் பார்வையை வைத்தே அது காட்டுக்கு வைத்தியர் ஆகிவிட்டது.

உடம்பில் வரும் எந்த நோயும் மனதில் இருந்துதான் வருகிறது என்பது கண்ணுச்சாமியின் வைத்தியம். முயலுக்குக் காது அரித்தது. பிறர் சொல்வதைக் கேட்க உனக்கு இஷ்டமில்லை, அதனால் அரிக்கிறது என்றது. குரங்குக்கு வால் வலித்தது. விட வேண்டிய பழசை நீ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்றது. ஆமைக்கு முதுகு வலித்தது. ஊர்ப் பாரத்தையெல்லாம் நீ ஒருத்தனே சுமக்கிறாய் என்றது. ஆமைக்கு வலி போகவில்லை, ஆனாலும் அன்று முழுவதும் அது கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தது.

கண்ணுச்சாமி யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. தான் சொல்வது அத்தனையும் உண்மை என்று அதுவே நம்பியது. அதனால்தான் அதை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

சடையனை அது வெகுநேரம் பார்த்தது.

"இரத்தம் என்பது கோபம்" என்றது. "நீ உள்ளே அடக்கி வைத்திருப்பது மூக்கு வழியாக வடிகிறது. யார் மேல் கோபம், சடையா?"

"என் குகையைப் பிடுங்கியவன் மேல், சாமி."

"அவனை மன்னித்துவிடு. மூக்கு சரியாகிவிடும்."

மன்னிப்பதற்கு அந்தக் காட்டில் ஒரு முறை இருந்தது. நாவல் மரத்தடியில் நின்று, எல்லார் முன்னாலும், இன்னாரை மன்னித்தேன் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே கூடாது. பிறகு நேராகக் குட்டைக்குப் போய், மூக்கு முழுவதும் முங்கும்படி ஏழு நாள் தண்ணீர் குடிக்க வேண்டும். அதுதான் மருந்து.

சடையன் மண்டையைச் சொறிந்தது. மூன்று முறை சொல்லிவிட்டால் குகை கொம்பையாவுக்கு என்று ஆகிவிடும். அதன் பிறகு குகை என்ற சொல்லையே எடுக்க முடியாது.

"சாமி, என் மூக்குக்குள் ஏதோ நெளிகிறது. கொஞ்சம் இறங்கி வந்து எட்டிப் பாருங்கள்" என்றது.

"நான் உள்ளத்தைப் பார்க்கிறவன். ஓட்டையைப் பார்க்கிறவன் இல்லை" என்றது கண்ணுச்சாமி.

வைத்தியம் கேட்க மரத்தடியில் கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் கொம்பையாவும் வந்து நின்றது. அதன் மூக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது. கண்ணுச்சாமி அதைக் காட்டி, மனதில் கள்ளமில்லாதவனுக்கு நோய் வருவதில்லை, இவனைப் பாருங்கள் என்றது. கூட்டம் தலையாட்டியது. கொம்பையா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டது.

கூட்டத்தின் ஓரத்தில் மருதாயி என்ற கடமான் இருமிக்கொண்டு நின்றது. அதற்கும் மூக்கில் இரத்தம். மூச்சு விசில் அடித்தது. தை மாதத்தில் அதன் கன்றைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. கண்ணுச்சாமி சொன்னபடி, மருதாயி அந்தச் சிறுத்தையை மூன்று முறை மன்னித்திருந்தது. சொல்லும்போது கால்கள் மடங்கி விழப் போனது. இருந்தும் சொன்னது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. போன வாரம் கேட்டதற்கு, நீ முழு மனதோடு மன்னிக்கவில்லை, மறுபடியும் மன்னி என்று கண்ணுச்சாமி சொல்லிவிட்டது.

சடையன் மருதாயியைப் பார்த்தது. பிறகு மரத்தைப் பார்த்தது.

"கன்றைத் தின்றவனையே மன்னித்தாள். அவள் மூக்கு சரியாகவில்லை. என் மூக்கு மட்டும் எப்படிச் சரியாகும்?" என்று கேட்டது.

சடையனுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது.

"நான் மன்னிக்கவில்லை. செத்தாலும், என் குகை என் குகைதான் என்று சொல்லிக்கொண்டே சாகிறேன்."

காடு அதைச் சும்மா விடவில்லை. கோபக்காரன் வாய் வைத்தால் தண்ணீரிலும் கோபம் கலந்துவிடும் என்று கண்ணுச்சாமி சொன்னது. அன்று சாயங்காலமே குட்டையைச் சுற்றிக் குரங்குகள் காவலுக்கு உட்கார்ந்தன. மன்னித்துவிட்டு வா, குடிக்கலாம் என்று விரட்டின. பலம் இருந்த காலமாக இருந்தால் சடையன் ஒரே அறையில் நாலு குரங்கைப் பறக்கவிட்டிருக்கும். இப்போது அது வந்த வழியே திரும்பிவிட்டது.

ஒரு நாள் ஆனது. இரண்டு நாள் ஆனது. நாக்கு காய்ந்த இலையாகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில், குடித்தால் என் தண்ணீரைக் குடிப்பேன் என்று சடையன் மலைச்சரிவில் ஏறத் தொடங்கியது. நாலு அடி ஏறும், உட்காரும். மறுபடி நாலு அடி. வெயில் உச்சிக்கு வந்தபோது குகை வாசலை அடைந்தது.

முள்செடி அப்படியே இருந்தது. அதற்கு வெளியே பாறைக்குழியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

உள்ளே இருந்து கொம்பையா எட்டிப் பார்த்தது. "மன்னிக்க இவ்வளவு தூரம் ஏற வேண்டுமா, அண்ணே? மரத்தடியிலேயே சொல்லியிருக்கலாமே" என்றது.

சடையன் தண்ணீருக்கு மேல் குனிந்தது. மூக்கு தண்ணீரைத் தொட இன்னும் இரண்டு விரற்கடை இருக்கும். அப்போது வலது மூக்குக்குள் நெளிந்தது. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தை அது உற்றுப் பார்த்தது. மூக்கு ஓட்டையிலிருந்து, கறுப்பாக, வழவழவென்று, ஏதோ ஒன்று தலையை நீட்டியது. தண்ணீரின் குளுமையை நோக்கி நீண்டுகொண்டே வந்தது.

அட்டை.

மூன்று நாள் தண்ணீர் காணாத மூக்கு காய்ந்துபோனதில், உள்ளே இருந்த அட்டையும் தவித்துப்போயிருந்தது.

சடையன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. அது பாதிக்கு மேல் வெளியே வந்ததும், இரண்டு நகங்களால் பிடித்து, இழுத்து, பாறையில் அடித்தது. சதக்கென்று விழுந்தது. ஒரு விரல் நீளம். சடையனின் இரத்தத்தைக் குடித்தே கொழுத்திருந்தது.

பிறகு சடையன் தண்ணீர் குடித்தது. வயிறு முட்டக் குடித்தது. குடித்துவிட்டு மூச்சை இழுத்தது. நூறு அடி தள்ளி ஒரு கரையான் புற்று ஈரமாக இருக்கும் வாசனை வந்தது. அப்படியே நின்று இன்னொரு முறை மூச்சை இழுத்துக்கொண்டது.

கொம்பையா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. சடையன் அட்டையைத் தேக்கிலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக நாவல் மரத்தடிக்கு இறங்கியது.

இலையைப் பிரித்துக் கீழே வைத்தது. மிருகங்கள் கூடிவிட்டன. கண்ணுச்சாமி கிளையில் இருந்து அட்டையை இமைக்காமல் பார்த்தது.

"பார்த்தீர்களா? அவன் கோபம்தான் உருவம் எடுத்து வெளியே வந்திருக்கிறது" என்றது. "சடையன் மனதுக்குள்ளேயே மன்னித்துவிட்டான்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"என்னைக் கேளுங்கள் சாமி" என்றது சடையன். "கொம்பையாவை மன்னித்தாயா என்று கேளுங்கள்."

"மன்னித்தாயா?"

"இல்லை."

சொல்லிவிட்டு அது மூக்கால் ஒரு மூச்சு விட்டது. மரத்தடிச் சருகெல்லாம் பறந்தது. ஒரு துளி இரத்தம் இல்லை.

"கோபம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குண்டுமணி அளவும் குறையவில்லை. அட்டைதான் வெளியே வந்தது. அது குட்டையில் இருந்து வந்தது. ஏழு நாள் மூக்கை முக்கிக் குடிக்கச் சொன்னீர்களே, அந்தக் குட்டையில் இருந்து. கொம்பையா குடிப்பது என் குகைத் தண்ணீர். நீங்கள் நக்குவது இலையில் இருக்கும் பனி. உங்கள் இரண்டு பேர் மூக்கும் ஏன் சுத்தமாக இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?"

கண்ணுச்சாமியின் கண்கள் முதல் முறையாக இமைத்தன.

கூட்டத்தில் பாதி நம்பியது, பாதி நம்பவில்லை. மருதாயி மட்டும் முன்னால் வந்தது.

"மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே அண்ணே?" என்று கேட்டது.

"அவ்வளவுதான் தாயி. யாரையும் மன்னிக்க வேண்டாம்."

நாலாம் நாள் காலையில் மருதாயி பாறைக்குழிக்கு மேல் மூக்கை நீட்டி நின்றது. காடே சரிவில் ஏறி வந்து பின்னால் நின்றது. ஒரு அட்டை தலையை நீட்டியது. சடையன் அதைப் பிடித்து இழுத்தது. மறுபக்க மூக்கிலிருந்து இன்னொன்று. மருதாயி இரண்டையும் பார்த்தது. அது அழவில்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டது. அதில் விசில் இல்லை.

அதன் பிறகு, குட்டையில் குடித்து மூக்கில் இரத்தம் வடிந்த எல்லாரும் மூக்கை நீட்ட முட்டிமோதி வந்தார்கள். மூன்று நாள் வாயைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று சடையன் உறுமித் திருப்பி அனுப்பியது. பிறகு முள்செடியைக் காலால் புரட்டித் தள்ளியது.

கொம்பையா வாசலில் நின்றது. எதிரே, தேறிவிட்ட ஒரு கரடி. அதன் பின்னால் காடு முழுவதும். முன்பு கொம்பையாவின் பக்கம் தலையாட்டியவர்கள் ஒருவர்கூட இப்போது அசையவில்லை.

"மழை வந்தால் என் குட்டிகள் என்ன செய்யும்?" என்று கேட்டது.

"போன மழையில் குட்டியாக இருந்தார்கள். இப்போது உன்னைவிடப் பெரியவர்களாக இருக்கிறார்கள். நட" என்றது சடையன்.

கொம்பையா தன் குடும்பத்தோடு இறங்கிப் போனது.

கண்ணுச்சாமி மட்டும் மெதுவாக ஒரு செடியில் தொற்றிக்கொண்டு வந்தது. உன் குகைதான் கிடைத்துவிட்டதே சடையா, இனியாவது அவனை மன்னித்துவிடக் கூடாதா என்று கேட்டது.

"யோசிக்கிறேன்" என்றது சடையன். சற்று நேரம் யோசித்தது. "இல்லை" என்றது.

மருதாயி குகை வாசலைவிட்டு நேராக நாவல் மரத்தடிக்குப் போனது. எல்லாரும் பின்னால் போனார்கள். முன்பு கால் மடங்கிய அதே இடத்தில் அது நான்கு காலையும் ஊன்றி நின்றது.

"என் கன்றைத் தின்ற சிறுத்தையை மன்னித்தேன் என்று இங்கே மூன்று முறை சொன்னேன். மூன்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

"இங்கே சொன்னதைத் திரும்ப எடுக்கும் வழக்கம் கிடையாதே, தாயி" என்றது கண்ணுச்சாமி.

"இன்று முதல் உண்டு" என்றது மருதாயி.

நீதி: நோயாளியின் உடம்பைப் பார்க்காமல் மனதில் குற்றம் தேடுவது வைத்தியம் ஆகாது.