மச்சாண்டார் உட்கார்ந்த வகுப்பு

ஒரு ஊர்ல ஒரு பூரணத்தம்மா இருந்தா. இருந்தான்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அவ எங்க இருந்தா? ஒரு எடத்துல உக்கார மாட்டா. அடுப்படிக்கு ஓடுவா, வாசலுக்கு ஓடுவா, எதுக்கு வந்தோம்னு மறந்துட்டுத் திரும்பி ஓடுவா. இப்ப நீ பாய்ல பொரள்ற பாரு, அதே மாதிரி. காலை ஆட்டாத. போர்வைய இழுத்துக்க. ம் சொல்லு.

ம்.

அவளுக்கு வயசு அறுவதைத் தாண்டிருச்சு. புருஷன் போய்ச் சேந்துட்டாரு, பிள்ளைகள்லாம் வெளியூரு. கைவேலை ஓஞ்சிருச்சு, ஆனா மண்டைக்குள்ள மட்டும் ஓயல. நொய்யி நொய்யின்னு ஒரு கேள்வி. மின்னல் முதல்ல வெட்டுது, இடி மட்டும் ஏன் பின்னால வருது? சின்னப் பிள்ளையில அப்பாகிட்டக் கேட்டா, "போய் வேலையப் பாரு"ன்னாரு. புருஷன்கிட்டக் கேட்டா, "மழை வருது, துணியை எடு"ன்னாரு. அவ துணியை எடுத்தா. கேள்வி அப்படியே கெடந்துச்சு.

அப்போ அந்த ஊருப் பல்கலைக்கழகத்துல ஒரு அறிவிப்பு வச்சாக. அறுவது தாண்டினவுக யாரு வேணாலும் வந்து படிக்கலாம், பரீட்சை கெடையாது, மார்க்கு கெடையாது, 'வானமும் மழையும்'னு வகுப்பு. ஆனா ஒண்ணு. கடைசி நாள் ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு எல்லாரு முன்னாடியும் கொஞ்ச நேரம் பேசணும். அப்படிப் பேசுனவுகளுக்குத்தான் அடுத்த வகுப்புல எடம். அடுத்தது என்ன வகுப்புன்னு கேளு. மொட்டை மாடியில பெரிய தொலைநோக்கி வச்சு, சனிக் கிரகத்தச் சுத்தி ஒரு வளையம் இருக்காமே, அதக் காட்டுவாக. பூரணத்தம்மா அன்னைக்கே பேரக் குடுத்துட்டா. அந்த வளையத்தப் பாக்காம நான் சாக மாட்டேன்னுட்டா.

அப்புறம் மொத நாளு போனா. எல்லாம் கெழடு கட்டைக. வகுப்பு பத்து மணிக்குன்னா எட்டு மணிக்கே வந்து, கேட்டைத் தொறக்கச் சொல்லி வாட்ச்மேன்கிட்டச் சண்டை. பாடம் எடுக்கிற பொண்ணு பேரு தமயந்தி. இவுக மக வயசுதான் இருக்கும். அவ வணக்கம் சொல்லி முடிக்கல, "கல்யாணம் ஆயிருச்சாம்மா?"ன்னு முன் வரிசையில ஒரு கேள்வி. "ஆயிருச்சுங்க, பாடத்தப் பாப்போமா?"ன்னு கரும்பலகைப் பக்கம் திரும்புனா பாவம்.

அப்போ வாசல்ல ஒரு இருமல். க்ஹும்!

பூரணத்தம்மா விசுக்குன்னு எந்திரிச்சுட்டா. அவ எந்திரிச்ச வேகத்துல பெஞ்சு மறுபக்கம் சாஞ்சு, டொம்முனு கனகு விழுந்தா. கனகுன்னா இவளுக்குப் பக்கத்துல உக்காந்த பொம்பள. வாசல்ல யாரு? இவளோட மச்சாண்டாரு, சேதுராமலிங்கம். மச்சாண்டாருன்னா புருஷனுக்கு அண்ணன். இவ இருக்கிற அதே வீட்டுல மாடியில குடியிருக்கிறவரு. அவரும் படிக்க வந்துட்டாரு! இவளுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? ரெண்டு பேரும் பேசுனாத்தான?

ஏன் பேச மாட்டாகன்னு கேக்குறியா? ஏன்னா வழக்கம். மச்சாண்டாரு முன்னால உக்காரக் கூடாது, நேராப் பேசக் கூடாது. எவன் வச்ச வழக்கமோ, அவன் கையில கெடச்சா நாலு வாங்கு வாங்குவேன். கல்யாணமான நாள்லருந்து அப்படித்தான். சோறாக்கிட்டா கதவு நெலையப் பாத்து, "சாப்பாடு ஆயிருச்சாம்"பா. அவரு தண்ணிச் செம்பப் பாத்து, "வர்றேன்னு சொல்லு"ம்பாரு. வீட்டுல வேற ஆளே இருக்காது! கதவும் செம்பும் இல்லேன்னா அந்த வீட்டுல ரெண்டு பேரும் பட்டினிதான். சிரிக்காத, தூக்கம் போயிரும். ம்?

ம்.

அன்னைக்கு வகுப்பு முடியிற மட்டும் தூணோட தூணா நின்னா. காலு விண்ணு விண்ணுன்னு தெறிச்சுச்சு. பாடம் காதுல ஏறல. தமயந்தி என்ன நெனச்சா? பாவம், அம்மாவுக்கு மூட்டு வலி போலன்னு, மறுவாரம் ஒரு மெத்தை நாற்காலியத் தூக்கிட்டு வந்துட்டா. அதுவும் மச்சாண்டாருக்கு நேர் எதுக்க! இவ அந்த நாற்காலியப் பாத்து அலறிட்டுப் பின்னாடி போனா.

அப்புறம் ரெண்டாவது வழி ஒண்ணு பண்ணா. கனகு நல்ல அகலமான உடம்பு. அவளுக்குப் பின்னாடி ஒடுங்கி உக்காந்துக்கிட்டா. மச்சாண்டாரு இருமுனா எந்திரிப்பா, இருமல் நின்னா உக்காருவா. எந்திரி, உக்காரு, எந்திரி, உக்காரு! அன்னைக்கு அவருக்குச் சளி வேற. தமயந்தி இதப் பாத்துட்டு, "ஏதாவது கேக்கணுமாம்மா?"ன்னா. எல்லாத் தலையும் திரும்புச்சு. கேக்கணும்தான்! அம்புட்டு வருசமாக் கேக்கணும்! ஆனா வாய் வரல. சட்டுனு குனிஞ்சு கனகு காதுல குசுகுசுன்னு சொன்னா. கனகு கணீர்னு கேட்டா, "மின்னலுக்குப் பின்னாடி இடி ஏன் வருது டீச்சர்?"

"அருமையான கேள்வி கனகம்மா!"ன்னா தமயந்தி. எல்லாரும் கை தட்டுனாக. படபடபடன்னு. கனகு கூசாம சிரிச்சுக்கிட்டே தலையாட்டுறா! பூரணத்தம்மாவுக்கு வயிறு எரிஞ்சுச்சு. என் கேள்விய எவளோ கேட்டுப் பேரு வாங்கிட்டாளே. தமயந்தி சொன்ன பதில மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. கடைசி நாளு இதைத்தான் நான் பேசுவேன், நானே பேசுவேன்னு. அன்னையிலருந்து குளிக்கையில பேசிப் பாப்பா, கறிவேப்பிலை உருவையில பேசிப் பாப்பா. ரசம் பொங்கி வழியும், இவ இடியப் பத்திப் பேசிட்டிருப்பா. மாடிப்படியில காலடிச் சத்தம் கேட்டா போதும், கப்புன்னு வாயை மூடிருவா.

அப்புறம் அந்தக் கடைசி நாளும் வந்துச்சு. வெளிய ஒரே புழுக்கம். மேகம் கூடிக் கெடக்கு, மழை விழல. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேசுறாக. கனகு மேகத்தப் பத்திப் பேசிட்டு மருமகளப் பத்தி ஆரம்பிச்சா, அவள உக்கார வைக்கிறது பெரும்பாடாப் போச்சு. மச்சாண்டாரு எந்திரிச்சு மழை அளக்கிறதப் பத்திப் பேசுனாரு. வேர்த்து விறுவிறுத்து உக்காந்தாரு. ஆத்தாடி, இவருக்கும் பயமா இருக்குமான்னு பூரணத்தம்மா அப்பத்தான் பாத்தா.

"அடுத்து பூரணத்தம்மா!"

எந்திரிச்சா. கரும்பலகைக்கிட்டப் போனா. திரும்புனா. நேர் எதுக்க மச்சாண்டாரு. சேலை முந்தியத் திருகுறா, திருகுறா, நூலு பிரிஞ்சு வருது. "மி... மி..."ங்கிறா. அதுக்கு மேல ஒண்ணும் வரல. கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. போச்சு, வளையமும் போச்சு, எல்லாம் போச்சு.

"பரவாயில்லம்மா, முடியலன்னா உக்காருங்க"ன்னு தமயந்தி அடுத்த பேரைக் கூப்பிட வாயெடுத்தா.

அப்போ சர்ர்ருன்னு பெஞ்சு இழுபட்ட சத்தம். மச்சாண்டாரு எந்திரிச்சு, கொடைய எடுத்துக்கிட்டாரு. யாரையும் பாக்கல. கதவப் பாத்து, "வெளிய கொஞ்சம் காத்தாட நிக்கலாம்னு இருக்கு"ன்னாரு. அங்க இருந்தவுக யாருக்கும் புரியல. பூரணத்தம்மாவுக்குப் புரிஞ்சுச்சு. இவ பேசணும்னு அவரு வெளிய போறாரு. காலைத் தேச்சுத் தேச்சு, தளர்ந்த நடையாப் போறாரு.

போகட்டும்னு விட்டிருக்கலாம். அவரு போயிட்டா வாய் தொறந்துக்கும், எடமும் கெடைச்சிரும். ஆனா அவளுக்கு எங்கருந்தோ ரோஷம் வந்துச்சு பாரு! ஆசையாப் படிக்க வந்த வயசான மனுசன வெளிய நிறுத்திட்டு நான் என்ன பேசிக் கிழிக்கப் போறேன்? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

"மச்சான்!"

அம்புட்டுதான், அவளுக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரு வாசப்படியில ஒரு காலை வச்ச மேனிக்கே நின்னுட்டாரு.

"உள்ள வாங்க. உக்காருங்க. நான் பேசப் போறேன்."

அவரு திரும்புனாரு. கதவப் பாக்கல, சொவரப் பாக்கல. "சரிம்மா"ன்னாரு. வந்து உக்காந்தாரு.

அப்புறம் பேசுனா பாரு, மடமடன்னு! மின்னலும் இடியும் ஒரே எடத்துல ஒரே நேரத்துலதான் பொறக்குது. வெளிச்சம் ஒரே ஓட்டமா ஓடியாந்துரும், சத்தத்துக்கு அந்த வேகம் கெடையாது, அது ஆடி அசைஞ்சு பின்னாடிதான் வந்து சேரும். நம்ம காதுல இடி விழும்போது, அந்த மின்னல் வெட்டி முடிஞ்சே போயிருக்கும். இப்படி ஒண்ணு விடாமச் சொல்லி முடிச்சா. தூங்கிட்டியா?

...ம்ம்.

அப்போ மச்சாண்டாரு கையத் தூக்குனாரு. எல்லாரும் பாக்க, எந்திரிச்சு நின்னு, அவ மூஞ்சிய நேராப் பாத்துக் கேட்டாரு. "மின்னல்தான் முன்னாடியே போயிருதே. அப்புறம் எதுக்கும்மா நாம இடி சத்தத்துக்குப் பயந்து 'அர்ச்சுனா அர்ச்சுனா'ங்கிறோம்?"

வகுப்பே கொல்லுன்னு சிரிச்சுச்சு. பூரணத்தம்மா சிரிக்கல.

"அது பழக்கத்துல வர்ற பயம், மச்சான். பயப்பட வேண்டியது எப்பவோ போயிருச்சு. நமக்குத்தான் தெரியல."

அவரு தலையாட்டிக்கிட்டே உக்காந்தாரு. ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கிருச்சு. தமயந்தி அடுத்த வகுப்புக்குப் பேரு எழுதுறப்ப, இவளே கரும்பலகைக்கிட்டருந்து சத்தமாச் சொன்னா, "எங்க வீட்டுல ரெண்டு பேருன்னு போட்டுக்கம்மா."

அவுக வளையம் பாக்கக் கெளம்பிட்டாக, கதையும் அவுக கூடவே போயிருச்சு. நீயும் கண்ண மூடிக்கிட்டுப் போ, தூங்கு.